சிரிக்கும்போது தெரிவது
(அரிய முகப் பிளவுகளும் வாயின் சீரமைப்பும் பற்றி ஆரையம்பதியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டெங்கு பற்றியோ சீனி வருத்தம் பற்றியோ பேசுவதாக இருந்தால் முன்னுரையே தேவைப்படாது. வீட்டுக்கு ஒருவராவது அனுபவப்பட்டிருப்பீர்கள். நான் பேச வந்ததோ இங்கே இருப்பவர்களில் அநேகர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்டிராத ஒன்று. கடைவாயிலிருந்து காதை நோக்கிக் கன்னம் பிளந்தபடி ஒரு பிள்ளை பிறக்கலாம். மேற்சொண்டிலிருந்து கண்வரை முகம் பிளந்தபடி பிறக்கலாம். கீழ்ச்சொண்டும் தாடையும் நடுவில் இரண்டாகப் பிரிந்தும் பிறக்கலாம். இவற்றை அரிய முகப் பிளவுகள் என்கிறோம்.

எவ்வளவு அரிது? நாம் ஊரில் காணும் வழமையான சொண்டுப் பிளவும் அண்ணப் பிளவும், 1980களின் இறுதியில் பேராதனையிலிருந்து வெளியான ஆய்வின்படி, இலங்கையில் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கடைவாய்ப் பிளவுக்கு மருத்துவ நூல்கள் தரும் கணக்கு 80,000 பிறப்புக்கு ஒன்றிலிருந்து 300,000 பிறப்புக்கு ஒன்று வரை. இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள் பிறக்கிறார்கள். கணக்குப் போட்டால் முழு நாட்டுக்கும் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மருத்துவிச்சி தன் சேவைக்காலம் முழுவதும் அப்படியொரு பிள்ளையைக் காணாமலே ஓய்வு பெறக்கூடும்.

பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். அரிதாக இருப்பதுதான் இதிலுள்ள சிக்கல். அடிக்கடி வருவதற்கு ஊரில் பழக்கம் இருக்கும், பதில் இருக்கும். ஒருபோதும் காணாதது திடீரென்று பிரசவ அறையில் முன்னால் வந்து நின்றால் எல்லோரும் திகைத்துப்போவார்கள். அந்தத் திகைப்பில் தாயின் காதில் விழும் முதல் வார்த்தையும், வீட்டில் பெரியவர்கள் எடுக்கும் முதல் முடிவும் பிள்ளையின் அடுத்த சில ஆண்டுகளை ஆட்டிவைத்துவிடும். ஆகவே முன்கூட்டியே அறிந்துவைத்திருப்போம்.

இன்று நான் நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. பிளந்த வாயை மூடிவிடுவது சிரமமான காரியமில்லை. மூடிய வாய் மற்றப் பக்கத்தோடு ஒத்து அசைய வேண்டும். சத்திரசிகிச்சையின் முழுக் கஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை உறங்கும்போது பார்த்து "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிடலாம். அது சிரிக்கும்போதும் அழும்போதும்தான் வேலை எப்படி நடந்திருக்கிறது என்பது தெரியும்.

வாய் என்னும் வளையம்

எல்லோரும் ஒருமுறை "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். "அப்பா" என்றும் சொல்லுங்கள். இரண்டு சொண்டும் முழுதாகப் பொருந்தாமல் அந்தச் சொற்கள் பிறக்க மாட்டா. பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறப்பவை என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துவைத்திருக்கிறது. அந்தப் பொருத்தத்தைச் செய்வது வாயைச் சுற்றி ஓடும் ஒரு வட்டத் தசை. முலையுறிஞ்ச, ஊத, விசிலடிக்க, முத்தமிட, சோற்றை வாய்க்குள் வைத்திருக்க, எல்லாவற்றுக்கும் அதுதான் பொறுப்பு.

அந்தத் தசை பெரும்பாலும் எலும்பைப் பற்றி நிற்பதில்லை. மற்றத் தசைகளைப் பற்றியே நிற்கிறது. கட்டைவிரலை வாய்க்குள்ளும் சுட்டுவிரலைக் கன்னத்தின் மேலும் வைத்து, கடைவாய்க்குச் சற்று வெளியே மெல்லப் பிடித்துப் பாருங்கள். சிறு முடிச்சுப்போல ஒன்று தட்டுப்படும். சிரிக்கும்போது மேலே இழுக்கும் தசையும், துக்கத்தில் கீழே இழுக்கும் தசையும், ஊதும்போது இறுகும் கன்னத் தசையும், வாயைச் சுற்றிய வட்டத் தசையும் எல்லாம் வந்து சேரும் சந்தி அது. முகத்தில் ஓடும் உணர்ச்சிகளில் பாதி அந்த முடிச்சின் வழியாகத்தான் வெளியே வருகிறது.

பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கயிறு ஓரிடத்தில் அறுந்தால் துணி முழுதாக இருந்தும் வாய் சுருங்காது. கடைவாய்ப் பிளவில் நடப்பது இதுதான். மேற்சொண்டுத் தசையும் கீழ்ச்சொண்டுத் தசையும் கடைவாயில் ஒன்றோடொன்று சேராமல், பிளவின் இரு கரையோரமாகவும் காதை நோக்கித் தனித்தனியே ஓடிவிடுகின்றன. பிள்ளை அழும்போது அவை சுருங்கி, பிளவை இன்னும் அகலமாக்குகின்றன. பால் வழியும், வீணீர் வடியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது தோலில் ஒரு பிளவு. உள்ளே அறுந்து கிடப்பது வளையம்.

முகம் உருவாகும் வாரங்கள்

கர்ப்பம் தரித்த நாலாம் வாரத்தில், தாய்க்குத் தான் கர்ப்பிணி என்பதே சரியாகத் தெரியாத காலத்தில், சிசுவின் முகம் தொடங்குகிறது. ஐந்து சிறு முளைகள் தோன்றுகின்றன. நெற்றியிலிருந்து ஒன்று கீழிறங்குகிறது. மேல்தாடைக்கு இரு பக்கமும் இரண்டு, கீழ்த்தாடைக்கு இரு பக்கமும் இரண்டு. மூளையாகப்போகும் பகுதியின் ஓரத்திலிருந்து புறப்படும் உயிரணுக்கள் இந்த முளைகளுக்குள் குடியேறி எலும்பும் குருத்தெலும்பும் ஆகின்றன. எட்டாம் வாரம் முடியும்போது முளைகள் ஒன்றோடொன்று கலந்து, முகம் என்று சொல்லத்தக்க ஒன்று வந்துவிடுகிறது.

தொடக்கத்தில் வாய் மிக அகலமானது. மேல்தாடை முளையும் கீழ்த்தாடை முளையும் பக்கங்களிலிருந்து கூடிக்கொண்டே வர, அகலம் குறைந்து கடைவாய் தன் இடத்துக்கு வருகிறது. இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு காலத்தில் கன்னம்வரை வாய் திறந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு அந்தக் கூடல் பாதியில் நின்றுவிட்டால் அதுதான் கடைவாய்ப் பிளவு. அரைச் சென்ரிமீற்றரோடு நின்று, "கொஞ்சம் பெரிய வாய்" என்று வீட்டார் நினைத்துக்கொள்ளும் அளவிலும் இருக்கும். கன்னத்தின் பாதியைத் தாண்டிக் காதருகே செல்லும் அளவிலும் இருக்கும்.

இரு தாடைகளும் புறக்காதின் ஒரு பகுதியும் அந்தச் சிசுவில் ஒரே வளைவிலிருந்து உருவாகின்றன. ஆகவே கடைவாய் பிளந்த பிள்ளைக்குக் காதின் முன்னால் சிறு தோல் முளைகள் இருக்கலாம். காது சிறுத்திருக்கலாம். அந்தப் பக்கத் தாடை எலும்பு குட்டையாக இருக்கலாம். முதுகெலும்பிலோ சிறுநீரகத்திலோ இதயத்திலோ குறை இருக்கவும் கூடும். அதனால்தான் வைத்தியர் வாயைப் பார்த்த கையோடு காதைத் தடவிப் பார்ப்பார், கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்வார், ஸ்கேன் எழுதித் தருவார். "வாயில் பிரச்சினை என்று கொண்டுவந்தால் வயிற்றை ஏன் ஸ்கேன் பண்ணுகிறார்கள்" என்று கோபப்பட வேண்டாம்.

கண்ணைச் சுற்றிய எண்கள்

இந்தப் பிளவுகளுக்கு நீண்ட காலம் ஒழுங்கான பெயரே இருக்கவில்லை. ஒரு நாட்டு வைத்தியர் எழுதியதை இன்னொரு நாட்டு வைத்தியர் வாசித்தால் இருவரும் ஒரே பிள்ளையைத்தான் பேசுகிறார்களா என்று விளங்காது. அதைத் தீர்த்தவர் போல் தெசியே என்ற பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர். மண்டையோட்டையும் முகத்தையும் ஒருசேரத் திறந்து திருத்தும் முறையை 1967 இல் ரோமில் நடந்த மாநாட்டில் உலகுக்கு எடுத்துக்காட்டியவர். 1976 இல் அவர் முகப் பிளவுகளுக்கு எண் கொடுத்தார்.

அவர் மையமாக வைத்தது கண்குழியை. முகத்தின் நடுக்கோட்டில் பூச்சியம். அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காதுப் பக்கம் போய், கண்ணுக்கு மேலே திரும்பி நெற்றியின் நடுவில் பதினான்கில் முடிகிறது. கண்ணுக்குக் கீழுள்ள பிளவு கண்ணுக்கு மேலே தொடர்ந்தால் அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 14. மூன்று பதினொன்றோடு சேரும், நான்கு பத்தோடு சேரும். ஏழுக்கு மட்டும் அப்படித் துணை கிடையாது. அந்த ஏழாம் எண்தான் நம் கடைவாய்ப் பிளவு. அரியவற்றுக்குள் அடிக்கடி காணப்படுவதும் அதுவே.

வாயைத் தொடும் மற்றப் பிளவுகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் எண் சொண்டிலிருந்து மூக்கின் ஓரத்தைப் பிளந்து கண்ணின் உள்மூலைக்குப் போகிறது. நான்காம் எண் மூக்கைத் தொடாமல் கன்னத்தின் வழியே கீழ் இமைக்கு ஏறுகிறது. ஐந்தாம் எண் கடைவாயை ஒட்டித் தொடங்கிக் கண்ணின் வெளிப்பக்கம் செல்கிறது. இது மிக மிக அரிது. இந்த மூன்றிலும் முதல் கவலை வாயைப் பற்றியதாக இருக்கக் கூடாது. கீழ் இமை பிளந்திருப்பதால் கண் மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகிப் பார்வையே போய்விடலாம். பிறந்த அன்றே கண்ணுக்கு மருந்திட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். இவ்வகைப் பிளவுகள் சிலவற்றில் கருப்பையினுள் உள்ள பனிக்குடச் சவ்வின் இழைகள் முகத்தை இறுக்கிய அடையாளமும் காணப்படுகிறது.

இந்தப் பதினான்குக்கு வெளியே தனியாக நிற்கும் முப்பதாம் எண் கீழ்ச்சொண்டின் நடுவில் வருவது. 1819 இலேயே கூரோனே என்ற பிரெஞ்சு வைத்தியர் எழுதிவைத்திருக்கிறார். சிலருக்குச் சொண்டில் ஒரு சிறு வெட்டு மட்டும் இருக்கும். கடுமையாக வந்தால் கீழ்த்தாடை இரண்டு துண்டாகத் தனித்தனியே ஆடும், நாக்கு கீழே ஒட்டியிருக்கும். சொண்டையும் நாக்கையும் குழந்தைப் பருவத்தில் சரிசெய்து, தாடையை எலும்பு ஒட்டிப் பிணைப்பதைப் பல் முளைப்பதைப் பார்த்துப் பிறகு செய்வார்கள்.

கிரகணமும் கத்தியும்

சொண்டு பிளந்த பிள்ளை பிறந்தால் ஊரில் எழும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். "கிரகணத்துக்குள்ள கத்தி எடுத்தியா புள்ள?" மாமி கேட்பார், மச்சாள் கேட்பார், பார்க்க வந்த அயலவரும் கேட்பார். அந்தத் தாய் நினைவைப் புரட்டி, எப்போதோ ஒருநாள் பூசணிக்காய் வெட்டியதைத் தேடிப் பிடித்துத் தானே தண்டனை கொடுத்துக்கொள்வாள்.

இதே நம்பிக்கை உலகின் மறுகோடியிலும் இருக்கிறது. மெக்சிக்கோவின் ஆதிக்குடிகள் கிரகணத்தின்போது நிலவை ஏதோ ஒன்று கடிப்பதாகவும், அதைப் பார்த்த கர்ப்பிணியின் பிள்ளையின் வாயிலும் அந்தக் கடி விழுவதாகவும் நம்பினார்கள். இன்றும் அங்கே கிரகணத்தன்று கர்ப்பிணிகள் உடுப்பில் இரும்பு ஊசியோ திறப்போ குத்திக்கொள்வதுண்டு. நாம் இரும்பைத் தொடாதே என்கிறோம். அவர்கள் இரும்பை அணிந்துகொள் என்கிறார்கள். இரண்டு ஊரிலும் பிளவோடு பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓய்வெடுக்கச் சொல்லும் வழக்கமாக மட்டும் அது இருந்தால் எனக்கு ஒரு குறையுமில்லை. குற்றவாளியைத் தேடும் விசாரணையாக அது மாறும்போதுதான் ஆட்சேபிக்கிறேன். அந்த விசாரணையால் பிள்ளையை ஒளித்துவைக்கிறார்கள். கிளினிக் நாள் தவறுகிறது.

அப்படியானால் காரணம் என்ன? ஏழாம் எண் பிளவுகளில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தில் முன்னும் பின்னும் இல்லாமல் தனியே வருபவை. சிசுவில் தாடையும் காதும் உருவாகும் அந்த வளைவுக்குப் போகும் சிறு இரத்தக் குழாயில் கசிவு ஏற்பட்டால் முகத்தின் ஒரு பக்கம் குறைவளர்ச்சி அடையும் என்று போஸ்வில்லோ என்ற ஆய்வாளர் 1973 இல் விலங்குகளில் காட்டினார். இரு பக்கமும் ஒத்த குறைகளோடு வரும் சில நிலைகளுக்கு மரபணு மாற்றம் காரணம். அவை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கடத்தப்படலாம். சொந்தத்துக்குள் மணம் முடிப்பது சில பரம்பரை நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் கடைவாய் பிளந்த ஒரு பிள்ளையைக் காட்டி மச்சானை முடித்ததால்தான் என்று தீர்ப்புச் சொல்ல மருத்துவத்தில் இடமில்லை.

தாய்மார் செய்யக்கூடியவையும் சில உண்டு. வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் கர்ப்பம் தரிக்க எண்ணும்போதே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். தாமாக நிறுத்தவும் கூடாது. கடும் முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் போன்ற மருந்துகள் கர்ப்பத்தில் ஆகவே ஆகாது. புகையும் மதுவும் விலக்க வேண்டியவை. கிளினிக்கில் தரும் போலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதில் அது நிரூபிக்கப்பட்ட மருந்து. முகப் பிளவுகளில் அதன் பலன் அத்தனை உறுதியாக நிறுவப்படவில்லை.

சத்திரசிகிச்சை மேசையில்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கடைவாய்ப் பிளவைப் பெரும்பாலும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் திருத்துவார்கள். பிறந்த கிழமையே செய்ய அவசரமில்லை. சொண்டுச் சத்திரசிகிச்சைக்கு உலகெங்கும் வழங்கும் ஒரு பழைய விதி உண்டு: பத்து வாரம், பத்து இறாத்தல் நிறை, ஹீமோகுளோபின் பத்து. பிள்ளை மயக்கத்தைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே நிறையைக் கூட்டுவதுதான் அம்மாவின் பங்கு.

மயக்க மருந்து நிபுணருக்கு இது லேசான பிள்ளையில்லை. கன்னம் பிளந்திருப்பதால் முகமூடியை வைத்தால் பக்கத்தால் வாயு கசியும். தாடை சிறுத்திருந்தால் சுவாசக் குழாயைச் செலுத்துவதும் கடினம். செலுத்திய குழாயை ஒரு பக்கமாக ஒட்டினால் சொண்டு இழுபட்டு அளவுகள் பிழைக்கும். எனவே கீழ்ச்சொண்டின் நடுவில், சொண்டை இழுக்காதபடி நிறுத்துவார்கள்.

கத்தி எடுப்பதற்கு முன் அளவெடுப்பு. புதிய கடைவாய் எங்கே வரவேண்டும்? பிளவு ஒரு பக்கம் மட்டும் என்றால் மற்றப் பக்கம் சாட்சி. மேற்சொண்டின் நடுப்பள்ளத்திலிருந்து நல்ல பக்கக் கடைவாய்வரை உள்ள தூரத்தை அளந்து, பிளந்த பக்கத்தில் மையால் புள்ளி வைப்பார்கள். இரு பக்கமும் பிளந்திருந்தால் சாட்சி இல்லை. கருவிழியின் உள்விளிம்பிலிருந்து செங்குத்தாகக் கோடு இறக்கிப் பார்க்கலாம். சொண்டின் செந்நிறப் பகுதியும் துப்புக் கொடுக்கும்: உண்மையான சொண்டு முடிந்து பிளவின் கரை தொடங்கும் இடத்தில் அதன் தடிப்பும் தோற்றமும் மாறும். ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் பிள்ளை வளர வளர அது முகத்தோடு சேர்ந்து வளரும்.

பிறகு பிளவின் கரையோரமாகத் தோலும் வாயின் உட்சவ்வும் சந்திக்கும் கோட்டில் வெட்டுவார்கள். உட்சவ்வை உள்ளே மடித்துத் தைத்தால் கன்னத்துக்கு உட்சுவர் ஆயிற்று. பலர் இத்தோடு தோலையும் மூடிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அப்படி மூடிய வாய் பிள்ளை உறங்கும்போது அழகாக இருக்கும். விழித்து அழுதவுடன் உள்ளே சேராத தசை தையலுக்கு அடியில் புடைத்து எழும், கடைவாய் வெளியே இழுபடும், மாதங்கள் செல்லச் செல்லத் தழும்பு அகலும்.

ஆகவே உட்சுவருக்கும் தோலுக்கும் இடையில் உள்ள அடுக்கில்தான் உண்மையான வேலை. காதை நோக்கி வழிதவறி ஓடிய இரண்டு தசைக் கட்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். அவற்றைத் தோலிலிருந்தும் சவ்விலிருந்தும் விடுவித்து, திசை திருப்பி, மேற்சொண்டுத் தசையைக் கீழ்ச்சொண்டுத் தசையின் மேல் படியவைத்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் நான் முதலில் சொன்ன முடிச்சு உருவாகும், வளையம் பூர்த்தியாகும். இதைச் செய்யும்போது கன்னத்தின் வழியே ஓடும் முக நரம்பின் கிளைகளையும், உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் வரும் குழாயையும் காயப்படுத்தக் கூடாது. நரம்பு வெட்டுப்பட்டால் சேர்த்த தசையும் அசையாது.

கடைசியாகத் தோல். நேர்கோட்டுத் தழும்பு ஆறும்போது நீளவாட்டில் சுருங்கும். கடைவாயிலிருந்து காதுப் பக்கம் நேராகத் தைத்தால் அந்தச் சுருக்கம் கடைவாயைக் கன்னத்துக்குள் இழுத்துவிடும். அதைத் தவிர்க்கக் கோட்டை இசட் எழுத்துப்போல முறித்து, இரு முக்கோணத் தோல்துண்டுகளை இடம் மாற்றித் தைப்பார்கள். அறுபது பாகை முக்கோணங்கள் என்றால் கணிதப்படி நடுக்கோட்டின் நீளம் 75 வீதம் கூடும். சிரிக்கும்போது மூக்கோரத்திலிருந்து கடைவாய்க்கு இறங்கும் மடிப்பில் அந்த இசட்டின் ஒரு கரம் விழும்படி அமைத்தால் தழும்பு மடிப்புக்குள் மறையும். சிறு பிளவுகளுக்கு நேர்கோடே போதும் என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். முக்கோணங்கள் கன்னத்தில் கூடுதல் கோடுகளை விட்டுவைக்கும் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் விடயம் தசைதான்.

வீட்டுக்கு வந்தபின் கரண்டியாலோ சிறு கோப்பையாலோ பாலூட்டச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். தோலில் இட்ட தையல்கள் ஏறத்தாழ ஒரு கிழமையில் அகற்றப்படும். அதன்பின் ஓரிரு மாதம் தழும்பு சிவந்து தடித்துக் கிடக்கும். "ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது" என்று பயந்து கண்டகண்ட எண்ணெய் பூச வேண்டாம். தழும்பு முதிர்ந்து வெளுக்க ஓராண்டுவரை செல்லும். மெல்லத் தடவிக்கொடுப்பதும் வெயில் படாமல் காப்பதும் உதவும்.

காலியில் உலகம் படித்த பாடம்

பிளவுச் சத்திரசிகிச்சையைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும்பகுதி நம் நாட்டவரின் முகங்களிலிருந்து கிடைத்தது என்பதை இந்த மண்ணில் சொல்லாமல் போகக் கூடாது.

லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் பல் சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ், 1980களின் நடுப்பகுதியில் காலியில் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். மேற்கு நாடுகளில் பிளவோடு பிறந்த எல்லோருக்கும் குழந்தைப் பருவத்திலேயே சத்திரசிகிச்சை முடிந்துவிடும். அவர்களுக்கு வளர்ந்தபின் மேல்தாடை உள்வாங்கி, முகத்தின் நடு தட்டையாகிவிடுவது வழக்கம். அது பிளவின் இயல்பா, கத்தியின் விளைவா? விடை காண, சத்திரசிகிச்சையே செய்யாமல் வளர்ந்த ஆட்கள் வேண்டும். இலங்கையில் அப்படிப்பட்ட இளைஞரும் பெரியவரும் இருந்தார்கள். 1990 இல் மார்ஸும் சக ஆய்வாளர் ஹூஸ்டனும் வெளியிட்ட ஆய்வு, சத்திரசிகிச்சை காணாத அவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்ததைக் காட்டியது. அண்ணத்தில் குழந்தைப் பருவத்தில் ஏற்படும் தழும்பே வளர்ச்சியைக் கட்டிப்போடுகிறது என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் காத்திருந்து செய்யலாமே என்று தோன்றும். அதே திட்டத்தில் பேச்சுச் சிகிச்சையாளர் டெபி செல் செய்த ஆய்வு அந்த எண்ணத்துக்குக் கடிவாளம் போட்டது. அண்ணத்தை வயது கடந்து மூடியவர்களில் பெரும்பாலானோருக்குப் பேச்சு தெளிவடையவில்லை; மூக்கால் பேசும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. முகம் தாமதத்தை விரும்புகிறது, பேச்சு விரைவைக் கேட்கிறது. இரண்டுக்கும் இடையில் நேரம் பார்த்து, தழும்பு குறையும்படி செய்யும் கை வேண்டும். இந்தப் பாடம் அண்ணப் பிளவிலிருந்து வந்தது. ஆனால் வளரும் முகத்தில் வெட்டும் எவருக்கும், கடைவாயைத் திருத்துபவருக்கும், அது பொருந்தும்.

கை பழக வேண்டுமென்றால் பிள்ளைகள் ஓரிடத்துக்கு வர வேண்டும். பிரித்தானியாவில் 57 இடங்களில் சிதறிக் கிடந்த பிளவுச் சிகிச்சையை எட்டிலிருந்து பதினைந்துக்குள் சுருக்க வேண்டும் என்று 1998 இல் ஒரு மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது. எங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ததால் பெறுபேறு நன்றாக இருக்கவில்லை என்பதே காரணம். ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் காணாத ஒரு பிளவுக்கு இந்த நியாயம் இன்னும் வலுவானது. பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ போகச் சொன்னால் நம்மைத் தள்ளிவிடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். அந்த வேலையை முன்பு செய்து பழகிய கைக்கு அனுப்புகிறார்கள்.

ஊரின் பங்கு

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைத் தாய் ஒருத்தி இந்தக் கரைக்கு வரப் பாதை என்னும் படகை நம்பி வாவியோரம் காத்து நிற்க வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் அந்தப் பயணமே பயமாக இருந்தது. இன்று பாலமும் இருக்கிறது, மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் இலவசம் என்பது வைத்தியசாலை வாசலில்தான் தொடங்குகிறது. வீட்டிலிருந்து பேராதனை வாசல்வரை பஸ் காசு, தங்கும் செலவு, கடலுக்கோ வயலுக்கோ போகாத நாட்களின் கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில். அதுவும் ஒருமுறையோடு முடியாது. தாடை குட்டையாக இருந்தால், எலும்பை வெட்டி மெல்ல மெல்ல இழுத்து நீட்டும் முறை இருக்கிறது. 1992 இல் நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை நிபுணர் மக்கார்த்தி மனிதத் தாடையில் அதன் பலனை வெளியிட்டார். காது இல்லாவிட்டால் பள்ளிப் பருவத்தில் விலாக் குருத்தெலும்பால் காது செய்யலாம். பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு என்று பிள்ளை வளர்ந்து முடியும்வரை பயணம் தொடரும்.

ஊரில் மரண உதவிச் சங்கங்கள் எவ்வளவு ஒழுங்காக நடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். செத்தவருக்குப் பந்தலும் கதிரையும் பிசகாமல் வந்து இறங்குகின்றன. பிறந்த பிள்ளையின் கிளினிக் பயணத்துக்கு அதே சங்கத்திலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்க முடியாதா? கோயில் பரிபாலன சபைகளும் மாதர் சங்கங்களும் இதை யோசிக்க வேண்டும்.

குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களுக்குள் நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். வாய் சற்று அகலமாகத் தெரிந்தாலோ, காதின் முன்னால் தோல் முளை தெரிந்தாலோ, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதி, அழும்போது இரு கடைவாயும் ஒத்து அசைகின்றனவா என்று பாருங்கள். சிறு பிளவுகள் அழும்போதுதான் பிடிபடும். ஆசிரியர்களுக்கு ஒன்று: முதலாம் வகுப்பில் சேரும் அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழுவதற்கு முன் அதன் சொந்தப் பெயரை வகுப்பில் நாலுமுறை உரக்கக் கூப்பிட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு காரியம். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் பிள்ளை பால் குடிப்பதை, அழுவதை, சிரிப்பதை வீடியோ எடுங்கள். தையல் அகற்றி மூன்று மாதம் கழித்து அதே மூன்றையும் மறுபடி எடுங்கள். ஒரு வயதிலும் பள்ளிக்கூடம் சேரும்போதும் எடுங்கள். கிளினிக்கில் பிள்ளை பயந்துபோய் வாயை இறுக்கிக்கொண்டிருக்கும்; உங்கள் வீட்டு முற்றத்தில் அது சிரிப்பதை வைத்தியர் ஒருபோதும் காண மாட்டார். அந்த வீடியோவைக் காட்டி, "டொக்டர், சிரிக்கேக்க இந்தப் பக்கம் ஏன் பின்னுக்குப் போகுது?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்கப்படும் ஊரில் வாயை மூடிவிட்டு வேலை முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.